ஃபாக்டோரியோவில் எண்ணெய் உற்பத்தியும் திரவப் போக்குவரத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் நாட்டின் பிராக் நகரில் இயங்கும் வூப் சாஃப்ட்வேர் உருவாக்கிய, தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான ஃபாக்டோரியோ 2020 ஆகஸ்டு 14 அன்று 1.0 பதிப்பாக வெளிவந்தது. 2024 அக்டோபர் 21 அன்று 2.0 பதிப்பும் 'ஸ்பேஸ் ஏஜ்' விரிவாக்கமும் ஒன்றாக வந்தன. 2.0இல் திரவங்கள் ஓடும் முறையே மாறிவிட்டதால், பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழாய் போடுபவர்கள் தேவையில்லாத இடத்தில் கவலைப்பட்டு, தேவையான இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் 2.0ஐ வைத்தே எழுதப்பட்டவை. பழைய முறை எங்கே வேறுபடுகிறதோ அங்கே அதுவும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆலையிலிருந்து வரும் மூன்று பொருள்களைக் கன எண்ணெய், இலகு எண்ணெய், பெட்ரோலிய வாயு என்றும், கனமானதை இலகுவாக்கும் வேலையைப் பிளத்தல் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

எண்ணெய் வந்ததும் ஆட்டம் ஏன் திடீரென்று கடினமாகிறது?

அதுவரை நீங்கள் கட்டிய எல்லா இயந்திரமும் ஒரே ஒரு பொருளை மட்டுமே வெளியே தந்தது. இரும்புத் தகடு தேவைக்கு மேல் இருந்தால் பெல்ட் நிரம்பும், உலை நிற்கும், யாருக்கும் நட்டமில்லை. மேம்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஒரே ஆலையிலிருந்து மூன்று பொருள்கள் ஒன்றாக வெளியேறுகின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று போக இடமில்லாமல் நிரம்பிவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே உங்களுக்கு எது வேண்டும் என்பதை மட்டும் கணக்கிட்டால் போதாது. எது வேண்டாமோ அதை எங்கே அனுப்புவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு எண்ணெய் வயல் எத்தனை ஆலைகளைத் தாங்கும்?

எண்ணெய் ஊற்றின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு சதவீதம் தெரியும். 100 சதவீத ஊற்றில் நிற்கும் பம்ப்ஜாக் (எண்ணெய் இறைக்கும் இயந்திரம்) நொடிக்கு 10 அலகு கச்சா எண்ணெய் தரும். எனவே வயலில் உள்ள எல்லா ஊற்றுகளின் சதவீதங்களையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் நொடிக்கான வரத்து கிடைத்துவிடும்: ஐந்து ஊற்றுகள் சேர்ந்து 600 சதவீதம் என்றால் நொடிக்கு 60 அலகு. ஒரு சுத்திகரிப்பு ஆலை 5 நொடிக்கு ஒருமுறை 100 அலகு, அதாவது நொடிக்கு 20 அலகு, குடிக்கும். ஆக அந்த வயல் மூன்று ஆலைகளுக்குத்தான் போதும். நான்காவது ஆலையைக் கட்டினால் நான்கும் அரைகுறையாக ஓடும். உற்பத்தி ஒரு சொட்டும் அதிகமாகாது.

ஊற்று வற்றிவிடுமா?

முழுமையாக வற்றாது, ஆனால் குறையும். பம்ப்ஜாக் 300 முறை இயங்கும்போது ஒரு சதவீதப் புள்ளி இறங்கும். இயந்திரத்தில் செருகி அதை வேகப்படுத்தும் வேக மாட்யூல் இல்லாமல் அது ஐந்து நிமிடம். இந்த இறக்கத்திற்கு ஒரு தரை உண்டு: தொடக்க அளவில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 20 சதவீதம், இவற்றில் எது பெரிதோ அதற்குக் கீழே போகாது. 200 சதவீதத்தில் தொடங்கிய ஊற்று 40 சதவீதத்தில் நின்றுவிடும். அங்கே வந்து சேர 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

இதனால் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, இன்று தெரியும் சதவீதத்தை நம்பி நீண்ட காலத் திட்டம் போடக் கூடாது. தரைக் கணக்கை வைத்துப் போடலாம். இரண்டாவது, தரையைத் தொட்டுவிட்ட பழைய ஊற்றுகளில் வேக மாட்யூல் போடுவதற்குத் தயங்கவே வேண்டாம். இதற்கு மேல் குறைய அங்கே எதுவுமில்லை. முதல் நிலை வேக மாட்யூல் இரண்டைச் செருகினாலே 40 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். மின்சாரம் மட்டும் கூடுதலாகச் செலவாகும்.

அடிப்படைச் சுத்திகரிப்பிலேயே பெரிதாகக் கட்டிவிடலாமா?

வேண்டாம். அடிப்படை முறையில் 100 கச்சா எண்ணெய்க்கு 45 பெட்ரோலிய வாயு மட்டுமே கிடைக்கும். வேறு எதுவும் வராது என்பதால் அடைப்பும் வராது. இந்த எளிமை ஆரம்பத்தில் பெரிய வசதி. ஆனால் மேம்பட்ட முறையில் அதே 100 கச்சா எண்ணெயோடு 50 தண்ணீர் சேர்த்தால் 25 கன எண்ணெய், 45 இலகு எண்ணெய், 55 வாயு கிடைக்கும்; எல்லாவற்றையும் பிளந்துவிட்டால் மொத்தம் 97.5 வாயு. ஒரே ஊற்றிலிருந்து இரு மடங்குக்கும் மேல்.

ஆராய்ச்சிக்குச் செலவாகும் நீல நிற அறிவியல் பொதி தயாரிக்கத் தேவையான கந்தகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடிப்படை முறையில் நான்கைந்து ஆலைகள் போதும். அந்தப் பொதியை வைத்து மேம்பட்ட முறையை ஆராய்ந்து முடித்த பிறகு பெரிதாகக் கட்டுங்கள். ஒரே ஒரு முன்யோசனை மட்டும் தேவை: ஆலைகளை வரிசையாக நிறுத்தும்போதே தண்ணீர்க் குழாய்க்கும் இன்னும் இரண்டு வெளியேற்றக் குழாய்களுக்கும் இடம் விட்டு வையுங்கள். பின்னால் உடைத்துக் கட்டுவது சலிப்பான வேலை.

வாயு பற்றாக்குறையாக இருக்கிறது, ஆனாலும் ஆலைகள் நிற்கின்றன. ஏன்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கன எண்ணெயோ இலகு எண்ணெயோ நிரம்பிவிட்டது.

என் முதல் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பெல்ட் காலியாக ஓடியதைப் பார்த்து, கச்சா எண்ணெய் போதவில்லை என்று நானே முடிவு செய்து, எதிரிப் புழுக்களோடு சண்டை போட்டு, வரைபடத்தின் மறுகோடியில் புதிய வயல் பிடித்து, ரயில் பாதையும் போட்டு முடித்தேன். பிளாஸ்டிக் அப்போதும் வரவில்லை. பிறகுதான் ஆலை ஒன்றைச் சொடுக்கிப் பார்த்தேன்: கச்சா எண்ணெய் நிரம்பி நின்றது, வாயுப் பெட்டி காலி, இலகு எண்ணெய்ப் பெட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. இரண்டு மணி நேர உழைப்பு தேவையற்றது. நான்கு வேதி ஆலைகளைக் கட்டி இலகு எண்ணெயைப் பிளந்திருந்தால் போதும்.

ஆகவே எண்ணெய் நின்றால் வரத்துப் பக்கம் ஓடாதீர்கள். ஓர் ஆலையைத் திறந்து மூன்று வெளியேற்றங்களையும் பாருங்கள். நிரம்பி நிற்பது எதுவோ அதுதான் சிக்கல், காலியாக இருப்பது அதன் விளைவு. மூன்றுமே காலியாக இருந்தால் மட்டுமே கச்சா எண்ணெயையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

பிளக்கும் வேதி ஆலைகள் எத்தனை வேண்டும்?

எல்லாவற்றையும் வாயுவாக மாற்றுவதானால் 20 சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கன எண்ணெய் பிளக்கும் வேதி ஆலை 5, இலகு எண்ணெய் பிளப்பது 17. கணக்கு இதுதான்: 20 ஆலைகள் நொடிக்கு 100 கன எண்ணெய் தரும், ஒரு வேதி ஆலை 2 நொடிக்கு 40 கன எண்ணெயும் 30 தண்ணீரும் எடுத்து 30 இலகு எண்ணெய் தரும் என்பதால் ஐந்து ஆலைகள் போதும். அவை தரும் 75ஐயும் சுத்திகரிப்பிலிருந்து நேராக வரும் 180ஐயும் கூட்டினால் நொடிக்கு 255 இலகு எண்ணெய். இலகு எண்ணெயைப் பிளக்கும் ஆலை 2 நொடிக்கு 30 எடுத்து 20 வாயு தருகிறது. 255ஐ 15ஆல் வகுத்தால் 17.

20 ஆலைகளுக்கு நொடிக்கு 400 கச்சா எண்ணெய் வேண்டும் என்பதால் பலருக்கு அது எட்டாத அளவு. ஐந்து ஆலைகளை ஒரு தொகுதியாக வைத்துக்கொண்டால் கன எண்ணெய்க்கு 2, இலகு எண்ணெய்க்கு 5 வேதி ஆலைகள் என்று மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து வரும் நொடிக்கு 97.5 வாயு, நொடிக்கு 20 வீதம் எடுக்கும் பிளாஸ்டிக் ஆலைகள் ஐந்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். பிளக்கும் ஆலைகள் சற்றுக் கூடுதலாக இருப்பதால் கேடு எதுவும் இல்லை. குறைவாக இருந்தால்தான் அடைப்பு.

எல்லாவற்றையும் பிளந்துவிட்டால் மசகு எண்ணெய்க்கு என்ன செய்வது?

மசகு எண்ணெய் கன எண்ணெயிலிருந்து மட்டுமே கிடைக்கும். மின் எஞ்சின், அதன் வழியாக ரோபோக்கள், மிக வேகமான பெல்ட் எல்லாவற்றுக்கும் அது தேவை. பிளக்கும் ஆலைகள் பசியோடு இருந்தால் கன எண்ணெயை முழுவதும் விழுங்கிவிடும். இதற்கு, ஓர் இயந்திரத்தின் அளவை இன்னொன்றுக்குத் தெரிவிக்கும் சர்க்யூட் கம்பிதான் சரியான தீர்வு. பெயரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

கன எண்ணெய் வரும் குழாயில் ஒரு தொட்டியை வையுங்கள். தொட்டியிலிருந்து பிளக்கும் ஆலைகளுக்குப் போகும் வழியில் ஒரு பம்பை வையுங்கள். தொட்டியையும் பம்பையும் சிவப்புக் கம்பியாலோ பச்சைக் கம்பியாலோ இணையுங்கள்; 2.0இல் கம்பியைத் தயாரிக்கவே வேண்டாம், திரையின் குறுக்குவழிப் பட்டையிலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பம்பைத் திறந்து 'கன எண்ணெய் 20,000ஐ விட அதிகமாக இருந்தால் இயங்கு' என்று நிபந்தனை கொடுங்கள். தொட்டியின் கொள்ளளவு 25,000 என்பதால், 20,000 எப்போதும் மசகு எண்ணெய்க்கு ஒதுங்கியிருக்கும். மிஞ்சுவது மட்டுமே பிளக்கப்படும். மசகு எண்ணெய் ஆலை பம்புக்கு முன்பக்கம், தொட்டியின் பக்கம், இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இலகு எண்ணெய்க்கு இன்னும் எளிதான நிபந்தனை ஒன்று உண்டு. இலகு எண்ணெய்த் தொட்டி, வாயுத் தொட்டி இரண்டையும் ஒரே பம்போடு இணைத்து, 'இலகு எண்ணெய் வாயுவை விட அதிகமாக இருந்தால்' என்று எழுதிவிட்டால் இரண்டும் தாமாகவே சமநிலைக்கு வரும். 2.0இல் வேதி ஆலையையே கம்பியில் இணைத்து நிபந்தனை கொடுக்கலாம் என்றாலும், ஒரே பம்பில் முழு வரிசையையும் கட்டுப்படுத்துவதே எனக்குப் பிடித்தது. ஏதாவது தவறினால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

மசகு எண்ணெய் ஆலையைக் குழாயில் முன்னால் வைத்தால் முன்னுரிமை கிடைக்கும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. 2.0இல் ஒரு குழாய்த் தொடர் முழுவதும் ஒரே கொள்கலனாகக் கணக்கிடப்படுவதால் முன், பின் என்ற வேறுபாடே இல்லை.

தொட்டிகளை அடுக்கிக்கொண்டே போனால் அடைப்பு தீருமா?

தள்ளிப்போகும், தீராது. ஐந்து ஆலைகள் நொடிக்கு 25 கன எண்ணெய் தருகின்றன. ஒரு தொட்டி 1,000 நொடியில், 17 நிமிடத்துக்குள், நிரம்பிவிடும். பத்துத் தொட்டி வைத்தால் அதே சிக்கல் மூன்று மணி நேரம் கழித்து, நீங்கள் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, வந்து கதவைத் தட்டும். தொட்டியைச் சர்க்யூட் அளவீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் வையுங்கள். மற்ற இடங்களில் அது உற்பத்திக் குறைவை மறைக்கும் திரை மட்டுமே.

குழாய் எவ்வளவு நீளம் போகலாம்?

பழைய பதிப்புகளில் ஒவ்வொரு குழாய்த் துண்டும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டது. நீளம் கூடக் கூட ஓட்டம் குறைந்தது. அதனால்தான் நிலத்தடிக் குழாய்க்கு அவ்வளவு மதிப்பு: இரு முனைகளையும் சேர்த்து 11 கட்டம் கடந்தாலும் இரண்டு துண்டுகளாகத்தான் எண்ணப்பட்டது.

2.0இல் அந்தக் கவலை இல்லை. இணைந்திருக்கும் குழாய்கள், தொட்டிகள் எல்லாம் ஒரே தொடர். ஒரு முனையில் ஊற்றியது மறுமுனையில் உடனே கிடைக்கும். பதிலுக்கு ஒரே ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்: தொடர் பரவும் பரப்பு 320க்கு 320 கட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓட்டம் மெதுவாகாது, முழுவதுமாக நின்றுவிடும். எச்சரிக்கைக் குறியும் தோன்றும். இடையில் ஒரு பம்பை வைத்தால் தொடர் இரண்டாகப் பிரிந்து எல்லை புதிதாகத் தொடங்கும். ஆனால் பம்பின் வேகம் இப்போது நொடிக்கு 1,200 மட்டுமே; 1.1 பதிப்பில் அது 12,000 ஆக இருந்தது. 1,200 என்பது 60 சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போதும் என்பதால் பெரும்பாலானோர் இந்த எல்லையைத் தொடவே மாட்டார்கள். தொடுகிறவர்கள் இரண்டு பம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது.

நிலத்தடிக் குழாய் இன்னும் பயனுள்ளதுதான், ஆனால் இப்போது நடந்து போக வழி கிடைப்பதற்காக.

குழாயில் தவறான திரவம் புகுந்துவிட்டது. என்ன செய்வது?

குழாயையோ தொட்டியையோ சொடுக்கினால் திரவத்தின் பெயர் அருகே குப்பைத் தொட்டிக் குறி இருக்கும்; அதை அழுத்தினால் காலியாகும். தொடர் முழுவதும் காலியாகும் வாய்ப்பு உண்டு என்பதால் 25,000 மசகு எண்ணெய் உள்ள தொட்டி அதே தொடரில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துங்கள். இரண்டு வேறு திரவங்கள் உள்ள குழாய்களை இணைக்க ஆட்டம் அனுமதிக்காது. இணைப்பு மறுக்கப்பட்டால் பெரும்பாலும் எங்கோ ஒரு துண்டில் பழைய திரவத்தின் மிச்சம் இருக்கும்.

தொலைவிலுள்ள வயலிலிருந்து கொண்டுவர எது நல்லது: குழாயா, ரயிலா, பீப்பாயா?

2.0க்குப் பிறகு என் பதில் மாறிவிட்டது. முன்பெல்லாம் தயங்காமல் ரயில் என்பேன். இப்போது ஒரே ஒரு வயல், நேரான வழி, எதிரிகள் இல்லாத பாதை என்றால் குழாயும் சில பம்புகளும் போதும். பம்புக்கு 30 கிலோவாட் மின்சாரம் போகும் என்பதால் மின்கம்பமும் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். பல வயல்கள், பல தேவை இடங்கள் என்றால் ரயில்தான். புதிய வயலைச் சேர்ப்பது அங்கே ஒரு நிலையத்தைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும்.

டேங்கர் வேகன் 2.0இல் 50,000 அலகு கொள்ளும். பீப்பாய் ஒன்றில் 50 அலகு, அடுக்கு ஒன்றுக்கு 10 பீப்பாய், சரக்கு வேகனில் 40 அடுக்கு: மொத்தம் 20,000. அதோடு காலிப் பீப்பாய்களைத் திருப்பி அனுப்பும் தொல்லையும் உண்டு. திருப்பி அனுப்ப மறந்தால் எஃகு வீணாகும், நிரப்பும் இடம் நிற்கும். சிறு அளவு திரவத்தை ரோபோ மூலமாகவோ, வேறு கோளுக்கோ அனுப்ப வேண்டியிருந்தால் மட்டும் பீப்பாய்.

ரயில் நிலையத்தில் நிரப்புவது மெதுவாக இருக்கிறது. எப்படி வேகப்படுத்துவது?

வேகனுக்கு மூன்று இணைப்பிடங்கள் உண்டு. ஒரே பம்ப் என்றால் 50,000 அலகு நிரம்ப ஏறக்குறைய 42 நொடி. மூன்று பம்ப் வைத்தால் 14 நொடி. பம்புக்குப் பின்னால் நேரடியாகத் தொட்டி இருக்கட்டும், அப்போதுதான் ரயில் வந்து நிற்கும்போது எடுக்கச் சரக்கு இருக்கும். ஒரு ரயில் ஒரு திரவம் என்ற ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். வேகனில் வேறு திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பம்ப் எதையும் ஏற்றாது. ரயில் 'நிரம்பியதும் புறப்படு' என்ற கட்டளையோடு அங்கேயே நிற்கும், பின்னால் வரிசை கட்டும்.

திட எரிபொருளை எதிலிருந்து செய்வது?

இலகு எண்ணெயிலிருந்து. 10 இலகு எண்ணெய் ஒரு கட்டியாகும். வாயுவோ கன எண்ணெயோ என்றால் 20 வேண்டும். 30 இலகு எண்ணெயைப் பிளந்து வாயுவாக்கிச் செய்தால் ஒரு கட்டி, நேரடியாகச் செய்தால் மூன்று. ராக்கெட் எரிபொருளுக்கும் இலகு எண்ணெய் தனியாகத் தேவை என்பதால் கடைசிக் கட்டத்தில் பிளக்கும் ஆலைகள் தாமாகவே ஓய்ந்துவிடும்.

மின்சாரம் எவ்வளவு போகும்?

சுத்திகரிப்பு ஆலை 420 கிலோவாட், வேதி ஆலை 210, பம்ப்ஜாக் 90. மேலே சொன்ன 20, 5, 17 தொகுதி மட்டும் ஏறக்குறைய 13 மெகாவாட் எடுக்கும்; 900 கிலோவாட் நீராவி எஞ்சின் 15 வேண்டும். தண்ணீர் பற்றிக் கவலை வேண்டாம்: முழுத் தொகுதிக்கும் நொடிக்கு 530 அலகுதான், ஒரே நீரேற்றும் பம்ப் 1,200 தரும்.

கச்சா எண்ணெயே கிடைக்கவில்லை என்றால் நிலக்கரியிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். 10 நிலக்கரி, 25 கன எண்ணெய், 50 நீராவி போட்டால் 90 கன எண்ணெய், 20 இலகு எண்ணெய், 10 வாயு வரும். தயிருக்கு உறை ஊற்றுவது போல முதலில் கொஞ்சம் கன எண்ணெய் வேண்டும். அதைப் பீப்பாயிலாவது கொண்டுபோய்த் தொடங்குங்கள். வெளியேறும் 90இல் 25 மீண்டும் உள்ளே போக வேண்டும் என்பதால், இங்கே சர்க்யூட் நிபந்தனை கட்டாயம். பிளக்கும் ஆலை உறையையும் சேர்த்துக் குடித்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும், மறுபடி வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

'ஸ்பேஸ் ஏஜ்' கோள்களில் இதெல்லாம் பொருந்துமா?

கணக்கு பொருந்தும், தொடக்கப் புள்ளிதான் மாறும். வல்கேனஸில் பம்ப்ஜாக் கந்தக அமில ஊற்றின் மேல் நிற்கும். எண்ணெய் நிலக்கரியிலிருந்து வரும். அங்கே 10 நிலக்கரி, 2 கால்சைட், 25 கந்தக அமிலம் சேர்த்து 50 கன எண்ணெய் எடுக்கும் எளிய முறை ஒன்றும் கிடைப்பதால் உறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபுல்கோராவில் கடலே கன எண்ணெய். நீரேற்றும் பம்பை வைத்தால் போதும், மசகு எண்ணெய் கொட்டிக் கிடக்கும். ஆனால் அதைப் பிளக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் பனிக்கட்டி வேண்டும், பனிக்கட்டிக்குப் பழைய இரும்புக் குப்பையை அரைக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் கோளான நௌவிஸில் ஒரு பம்ப் வைத்து மறந்துவிட்ட தண்ணீரை அங்கே சொட்டுச் சொட்டாக எண்ணுவீர்கள்.